பார்க்காமல் எழுதிய ஒரு வரி

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. முப்பத்து மூன்று வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் நீளம். நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

போன மாதம் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பக்கத்து துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் இளம் நர்ஸ் ஒருத்தியைப் பார்த்தேன். தோளில் தடுப்பூசிப் பை, கையில் அலுவலகம் கொடுத்த டேப்லெட். அந்த டேப்லெட்டைத் தூக்கிக் காட்டி, "உங்க காலம் நல்ல காலம்க்கா. நோட்டுல எழுதிட்டுப் போயிருப்பீங்க. இப்ப எந்த இடத்துல நின்னு எழுதினோம், எத்தனை மணிக்கு எழுதினோம்னு இது மேல சொல்லிடுது. வீட்டுக்குப் போகாம ஒரு நம்பர்கூடப் போட முடியலை" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவளிடம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடும் குடும்பம். பிளஸ் டூ முடித்தேன். ஒன்றரை வருடம் பயிற்சி. காலி இடம் வரும்வரை வீட்டில் காத்திருந்தேன். இருபத்தேழு வயதில் உத்தரவு வந்தது. நான்கு ஊர்கள், ஒரு சின்னக் கட்டடம், ஒரு எடை பார்க்கும் மெஷின், ஒரு பிரஷர் மெஷின். கர்ப்பமான பெண்களைக் கணக்கெடுத்து, மாதாமாதம் பார்த்து, பிரசவம் ஆகி, குழந்தைக்கு ஊசி போட்டு முடிக்கும்வரை என் பொறுப்பு. பயிற்சிப் பள்ளியில் படித்தது பரீட்சைக்குத்தான் உதவியது. வேலையைக் கற்றுக்கொடுத்தது டாக்டர் சுகந்தி.

அவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவ அதிகாரி. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. நோயாளி உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். எங்களை எல்லாம் பெயர் சொல்லி "நீ" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் அந்த "நீ", "நீங்க" ஆகிவிடும். காலையில் அவர் யாரையாவது "வாங்க" என்று கூப்பிட்டால் அன்றைக்கு நாங்கள் எல்லாருமே வாயைத் திறக்கமாட்டோம்.

பிரஷர் பார்ப்பதை அவர் முதலில் இருந்து எனக்குத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். "வந்த உடனே பட்டையைச் சுத்தாத. அஞ்சு நிமிஷம் உட்காரவை. தண்ணிக் குடத்தை இறக்கி வெச்சுட்டு ஓடி வந்தவளுக்குப் பார்த்தா, குடத்தோட பிரஷர்தான் உனக்குத் தெரியும்" என்பார். கையை நெஞ்சு மட்டத்தில் வைக்க வேண்டும். முதலில் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றடிக்க வேண்டும். நாடி நின்ற இடத்துக்கு மேல் இன்னும் முப்பது ஏற்றி, பிறகு ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, பாதரசம் ஒவ்வொரு கோடாக இறங்கும்படி திருகை மெதுவாகத் திறக்க வேண்டும். முதல் சத்தம் மேல் அளவு. சத்தம் அடங்கிப்போகும் இடம் கீழ் அளவு. கீழே தொண்ணூறுக்கு வந்தாலே விடக்கூடாது. கொஞ்ச நேரம் இடது பக்கமாகப் படுக்கவைத்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்து மேல் பாகத்தை மட்டும் விளக்கில் சூடு காட்ட வேண்டும். கலங்கினால் இரண்டு சொட்டு அமிலம் விட வேண்டும். அப்புறமும் கலங்கல் தெளியவில்லை என்றால் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. வலிப்பு வருவதற்குள், அன்றே ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்ற வேண்டும்.

இன்னொரு பாடமும் சீக்கிரமே கிடைத்தது. சரளா என்று ஒரு பெண்ணுக்கு நாலாம் மாதத்தில் ரத்தம் ஏழு கிராம் இருந்தது. இரண்டு மாதம் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தும் அதே ஏழு.

"மாத்திரை சாப்பிடறாளா?" என்று டாக்டர் கேட்டார்.

"சாப்பிடறேன்னு சொல்றா மேடம்."

"கேட்டியா, பார்த்தியா?"

மறுநாள் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு சரளா வீட்டுக்குப் போனார். கயிற்றுக் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. மாத்திரையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. "வெளிக்குப் போனா கறுப்பாப் போகுதாம்மா?" என்றார்.

"இல்லைங்களே, எப்பவும் போலத்தான் போகுது."

இரும்பு மாத்திரை உள்ளே போனால் மலம் கறுத்துத்தான் போகும். சரளா அழுதுவிட்டாள். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதோடு குமட்டலும் இருந்தது. மாட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரு பொந்தில் மாத்திரைகள் அத்தனையும் இருந்தன. டாக்டர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். கூட எலுமிச்சம்பழச் சாறு குடிக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது. முருங்கைக்கீரையையும் கேழ்வரகையும் வறுத்த மல்லாட்டையையும் எப்படி மாற்றி மாற்றிச் சாப்பிடுவது என்று அவள் மாமியாரிடம் பொறுமையாகச் சொன்னார். சரளாவுக்கு ரத்தம் பத்து கிராமுக்கு ஏறி, சுகப்பிரசவம் ஆனது.

அதற்குப் பிறகு பல வருடம் நான் நல்ல நர்சாகத்தான் இருந்தேன். அதையும் சொல்ல வேண்டும், இதையும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் எடை மெஷின் ரிப்பேர். மாதக் கடைசி அறிக்கைக்கு எடை வேண்டும். போன மாத எடையோடு ஒன்றரைக் கிலோ கூட்டி எழுதினேன். எல்லாருக்கும் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அடுத்த முறை மழை, ஆற்றைத் தாண்ட முடியவில்லை. இரண்டு பேருக்கு அப்படியே எழுதினேன். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரையும் ஏமாற்ற நினைத்து இதைச் செய்யவில்லை. கட்டம் காலியாக இருந்தது, அதை நிரப்பினேன். அந்த வயதில் அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

கோமதி எங்கள் நான்கு ஊர்களில் கடைசி ஊருக்குக் கல்யாணம் ஆகி வந்தவள். இருபத்தொரு வயது. காலேஜை இரண்டாம் வருடத்தில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். புருஷன் ஏழுமலை மினி லாரி ஓட்டுவான். பாதி நாள் வெளியூர். மாமியார் அஞ்சலை அக்காவுக்கு என்னைவிட ஓரிரு வயது கூட இருக்கும். அவர்கள் வீடு தெருவில் இல்லை. ஊரைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் தள்ளி அவர்களுடைய கொல்லையிலேயே, பயிர் நிலத்துக்கு நடுவில், கட்டியிருந்தார்கள்.

கோமதி கர்ப்பிணி அட்டையைத் தன் சான்றிதழ்களோடு பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பாள். நிறைய கேட்பாள். பப்பாளி ஏன் கூடாது, கொய்யா ஏன் ஆகும், எத்தனை மணி நேரம் தூங்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்வாள். குழந்தை ஆடுவதை எண்ண வேண்டும் என்று ஆறாம் மாதத்தில் அவளுக்குச் சொல்லியிருந்தேன். கடைசியாக நான் பார்த்தபோது அவளுக்குப் பிரஷர் நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. அது நான் என் காதால் கேட்டு எழுதியது.

அடுத்த மாதம் அவளைப் பார்க்க வேண்டிய புதன்கிழமை தீபத் திருவிழாவில் வந்தது. எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் தீபம் என்றால் நர்சுகளில் பாதிப் பேருக்கு மேல் கிரிவலப் பாதையில்தான் இருப்போம். பந்தல் போட்ட முகாம்கள். காலில் கொப்புளம், மயக்கம், வாந்தி, நெஞ்சு வலி. எனக்கும் உத்தரவு வந்தது. புதன்கிழமை ஊருக்குப் போகவில்லை.

தீபத்தன்று சனிக்கிழமை. மதியம் மூன்று மணி இருக்கும். பாதை முழுக்கத் தலைகள். அஞ்சலை அக்கா வெறுங்காலோடு நடந்து, குதிகாலில் கொப்புளம் உடைந்து எங்கள் பந்தலுக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. நான் மருந்து போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"நர்சம்மா, நம்ம கோமதிக்குக் காலு ரெண்டும் வீங்கிக்கினு இருக்குது. மெட்டி இறுக்குதுன்னு கழட்டி வெச்சிடுச்சு. தலை வேற நோவுதாம்."

"எத்தனை நாளா?"

"மூணு நாலு நாளா இருக்குது."

முகம் வீங்கியிருக்கிறதா, கண் மங்குகிறதா, வயிற்றின் மேல் பக்கம் வலிக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மயங்கி விழுந்த ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் எழுந்தேன்.

"தீபம் முடிஞ்சதும் நானே வந்து பார்க்கறேன்க்கா. உப்பு கம்மி பண்ணச் சொல்லுங்க. இடது பக்கமா படுக்கச் சொல்லுங்க."

"பயம் ஒண்ணும் இல்லையே?"

"பயமெல்லாம் இல்ல" என்றேன்.

அவர் நிம்மதியாக எழுந்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு நடந்தார்.

முகாம் திங்கட்கிழமையோடு முடிந்தது. பார்க்காமல் விட்டுப்போன கர்ப்பிணிகள் பதின்மூன்று பேர். செவ்வாய், புதன் இரண்டு நாளில் எட்டுப் பேர் வீட்டுக்குப் போனேன். எட்டுப் பேரும் தெருவில் இருந்தவர்கள். நின்று நின்று என் கால் வீங்கியிருந்தது. கொல்லைக்கு வெள்ளிக்கிழமை போகலாம் என்று வைத்துக்கொண்டேன். அஞ்சலை அக்கா சொன்னதை நான் மறந்துவிட்டேன் என்று பிற்பாடு சிலர் எனக்காகச் சமாதானம் சொன்னார்கள். நான் மறக்கவில்லை. ஞாபகம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கென்று ஞாபகம் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை மாதக் கூட்டம். பதிவேட்டைக் காட்ட வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் நிலையத்தில் உட்கார்ந்து பாக்கி ஐந்து பேருக்கும் கட்டங்களை நிரப்பினேன். கோமதிக்குப் போன வாரத்துப் புதன்கிழமைத் தேதியையே போட்டு, நூற்றுப் பத்து, எழுபது என்று எழுதினேன். வீக்கம் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதும்போது கை நின்றது. நின்றும் எழுதினேன்.

மறுநாள் கூட்டத்தில் என் முறை வருவதற்காக மடியில் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. ஏழுமலை பேசினான்.

"நர்சம்மா, கோமதிக்கு வலிப்பு மாதிரி இழுக்குது. நாக்கைக் கடிச்சுக்கினு ரத்தமா வருது. நூத்தியெட்டு வந்துகினு இருக்குது. நீங்க வர்றீங்களா?"

திருவண்ணாமலையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு, நூற்று முப்பது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு பகல் இருந்தது. கோமதிக்கு நினைவு திரும்பவில்லை. சனிக்கிழமை காலையில் போய்விட்டாள். அங்கே இருந்த டாக்டர்களும் நர்சுகளும் இரண்டு நாள் அவளை விட்டு நகரவில்லை. அதை நான் பார்த்தேன்.

காரியம் முடிந்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போனேன். உள்ளே சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பென்சிலால் குட்டிக் குட்டிக் கோடுகள். "நர்சம்மா எண்ணச் சொன்னாங்கன்னு புள்ள ஆட ஆடக் கோடு போட்டுக்கினே இருக்கும்" என்றார் அஞ்சலை அக்கா. புதன்கிழமைவரை கோடுகள் இருந்தன. கடைசி இரண்டு கட்டங்களில் கம்மியாக இருந்தன.

கர்ப்பிணி இறந்தால் விசாரணைக் கூட்டம் உண்டு. மூன்று வாரம் கழித்து வேங்கிக்காலில் மாவட்ட அலுவலகத்தில் நடந்தது. எங்களையும் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் சுகந்தி முகாம் முடிந்ததிலிருந்து அதுவரை வெளியூரில் ஒரு பயிற்சியில் இருந்தார். காகிதங்களைத் தயார் செய்தது அவருக்குப் பதிலாக வந்தவர். டாக்டர் அன்று காலையில்தான் நேராகக் கூட்டத்துக்கு வந்தார். கோமதியின் பெற்றோரும் வந்திருந்தார்கள்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கோமதியின் அட்டை அங்கே வரவில்லை. அவர் கையில் இருந்தது என் பதிவேட்டின் நகல். அதை வைத்துத்தான் அவர் கேட்க முடியும். "வலிப்பு வர்றதுக்கு எட்டு நாள் முன்னாடி பிரஷர் சரியா இருந்திருக்கு. வீக்கம் இல்லைன்னு எழுதியிருக்கு. அதுக்கப்புறம் கால் வீங்கினதை வீட்டுல இருக்கறவங்கதானேம்மா பார்த்திருக்கணும்? ஏன் கூட்டிட்டு வரலை?"

அஞ்சலை அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்தார். முகாமில் உன்னிடம் சொன்னேனே என்று அவர் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"மாசமா இருந்தா காலு வீங்கறதுதானேன்னு இருந்துட்டோம்ங்க. தப்பு எங்க மேலதான்."

கோமதியின் அப்பா எழுந்து நின்றார். "இதுக்குத்தான் என் பொண்ணை உங்க வீட்டுக்குக் கொடுத்தேனா?" என்று சொல்லிவிட்டு, உட்கார மறந்தவர் மாதிரி நின்றுகொண்டே இருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் சுகந்தி என்னிடம் இருந்த பதிவேட்டை வாங்கிப் பக்கத்தைப் புரட்டினார். தேதியைப் பார்த்தார். முகாமில் யார் யார் எந்த நாளில் இருந்தோம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவர்தான். பதிவேட்டை மூடி, "இதுல ஒரு விஷயம் சரிபார்க்கணும். நாளைக்கு எழுதி அனுப்பறேன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அவர் அறைக்குள் போனேன்.

"வாங்க விஜயா. உட்காருங்க" என்றார்.

மேஜையில் பதிவேடும் முகாம் வருகைப் பட்டியலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் அதே புதன்கிழமை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன். எடை கூட்டி எழுதிய முதல் மாதத்திலிருந்து, பந்தலில் அஞ்சலை அக்கா சொன்னது, "பயமெல்லாம் இல்ல" என்றது, "இல்லை" என்று எழுதும்போது கை நின்றது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இப்ப சொன்னதை உங்க கையால எழுதுங்க. நான் எழுதினா அது உங்களைப் பத்தின புகார். நீங்க எழுதினா அது நடந்தது."

எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. படித்துவிட்டுக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். "தீபத்துக்கு உங்களை அனுப்பினப்ப, உங்க ஊருக்கு வேற ஆள் போட்டேனான்னு நான் பார்த்திருக்கணும். அதையும் எழுதி அனுப்பறேன்" என்றார். அவர் குரலில் அப்போதும் மாற்றம் இல்லை.

எனக்கு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, தண்டனையும் கிடைத்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். உள்ளூர அதை வேண்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் இடத்துக்கு வர ஆள் இல்லை. அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

நான் எழுதிய இரண்டு பக்கம் மேலே போய் ஃபைலில் சேர்ந்தது. அது ஊருக்கு வரவில்லை. ஊருக்கு வந்தது அஞ்சலை அக்கா சொன்ன ஒரு வாக்கியம்தான். கோமதியின் அப்பா அதை இரண்டு ஊரிலும் சொன்னார். மருமகளை வீட்டிலேயே போட்டுச் சாகடித்தவள் என்று பேச்சு ஆனது. ஏழுமலைக்கு மறுபடி பெண் கேட்டுப் போன இடங்களில் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவன் லாரியை விற்றுவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போனான். பொங்கலுக்குக்கூட வருவதில்லை. தெருவில் ஒரு வளைகாப்பு என்றால் அஞ்சலை அக்காவைக் கூப்பிடமாட்டார்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டு வாசலில் அவர் நின்றால், பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார்கள். இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. வாராவாரம் அதே தெருவில் நான் பையை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

கோமதி போன சமயத்தில் அஞ்சலை அக்காவின் மகள் லட்சுமி ஐந்து மாதக் கர்ப்பம். அம்மா வீட்டில்தான் இருந்தாள். வாரத்துக்கு இரண்டு தடவை அந்தக் கொல்லைக்கு நடந்து போனேன். ஐந்து நிமிடம் உட்காரவைப்பேன், பிரஷர் பார்ப்பேன், படுக்கவைத்துத் திரும்பப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் சிறுநீரைச் சூடு காட்டுவேன். அஞ்சலை அக்கா கொஞ்சம் தள்ளி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். "எவ்ளோ?" என்று மட்டும் கேட்பார். சொல்வேன். தலையாட்டுவார். லட்சுமிக்குச் சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை.

டாக்டர் சுகந்தி மாற்றலாகிப் போகும் நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல மேடம்."

"இன்னும்னா?"

அவருடைய பையை எடுத்து வண்டிக்குள் வைத்தேன். அவர் வண்டியில் ஏறினார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கோமதிக்குப் பிறகு ஒரு எண்ணைக்கூட நான் பார்க்காமல் எழுதியதில்லை. காலி கட்டத்தைக் காலியாகவே விட்டேன். அதற்காகக் கூட்டங்களில் திட்டும் வாங்கினேன். பிரஷர் நூற்று ஐம்பது, நூறு என்று வந்த மூன்று பேரை நானே கூட உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். மூன்று பேரும் பிழைத்தார்கள். அவர்கள் வீட்டில் என்னைச் சாமி மாதிரி பேசுவார்கள். அந்தப் பேச்சு ஆரம்பித்தாலே எழுந்து வந்துவிடுவேன்.

பன்னிரண்டு வருடம் இப்படிப் போனது. ஓய்வு பெற இரண்டு வாரம் இருந்தபோது ஒரு காலையில் கொல்லைக்குப் போனேன். அஞ்சலை அக்கா தனியாகத்தான் இருந்தார். முற்றத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உட்கார்ந்து, ஒத்திகை பார்த்து வந்ததை எல்லாம் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"அக்கா, அந்த மாசம் நான் கோமதியைப் பார்க்கவே இல்ல. பார்த்த மாதிரி எழுதிட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. "எனக்குத் தெரியாதா? வூட்டுல இருந்தவ நான்தானே. நீ வந்தியா, வரலையான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்க்கா அன்னைக்குக் கூட்டத்துல சொல்லலை? பந்தல்ல எங்கிட்ட சொன்னதையாவது சொல்லியிருக்கலாமே."

"லட்சுமி அப்போ அஞ்சு மாசம். உன் பேரைச் சொன்னா உன்னைத் தூக்கிடுவாங்க. இங்க வேற யாரு இருக்கறாங்க? அவளை யாரு பார்ப்பா?" இன்னும் நாலு காயை உடைத்தார். "செத்தவளுக்காகப் பேசி, இருக்கறவளை விட்டுட முடியுமா?"

சிதறிய ஒரு காயை எடுத்து முறத்தில் போட்டேன்.

"லட்சுமிக்குப் பொறந்ததும் நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். பேத்திக்கு மொட்டை அடிச்சப்போ சொல்லுவேன்னு பார்த்தேன். என் புள்ள ஊரை விட்டுப் போனான், அப்பவாவது சொல்லுவேன்னு பார்த்தேன். வாரா வாரம் பையை மாட்டிக்கினு வர்றே, போறே. நீ நல்லா பார்க்கறேன்னு ஊரே சொல்லுது. நானும் ஆமாம்னுதான் சொன்னேன்."

"மன்னிச்சுடுங்கக்கா" என்றேன். சொன்னதும் அது எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிந்தது.

அவர் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா இருக்குது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு." உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வந்தேன்.

அடுத்து வந்தது, வேலையில் எனக்குக் கடைசிப் புதன்கிழமை. அந்த ஊர் அங்கன்வாடியில் வழக்கம்போல் குழந்தைகளுக்கு ஊசியும் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும். எனக்குப் பதிலாக வரப்போகும் நர்ஸ் அன்று முதல் தடவையாக என்னோடு வந்திருந்தாள். வழியனுப்புகிறோம் என்று தெருப் பெண்கள் நிறையப் பேர் கூடியிருந்தார்கள். மாலை போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னேன். கோமதியை நான் பார்க்காமல் எழுதினேன் என்றும், அவள் கால் வீங்கியதை அஞ்சலை அக்கா தீபத்தன்றே என்னிடம் சொல்லிவிட்டார் என்றும், நான்தான் பயமில்லை என்று அனுப்பினேன் என்றும், அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்றும் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பன்னிரண்டு வருடமாகச் சொல்லாத விஷயம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

ஒரு குழந்தை அழுதது. அஞ்சலை அக்காவைப் பற்றி அதிகம் பேசிய ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். முன் வரிசையில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் இருந்த அட்டையைப் பிரித்து நான் எழுதிய எண்களைப் பார்த்தாள்.

"அப்போ இதெல்லாம்?"

"எல்லாம் நானே பார்த்து எழுதினதும்மா" என்றேன்.

நம்ப வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். முகத்தில் அது தெரிந்தது. கொஞ்ச நேரம் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் இருந்த புது நர்சிடம் திரும்பி, "நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க" என்றாள். நான் எழுந்து நாற்காலியைப் புது நர்சுக்குக் கொடுத்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பக்கம் போய் நின்றார்கள். சுவரோரம் நின்றுகொண்டு, ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்க்கிறாளா என்று கவனித்தேன். உட்காரவைத்துத்தான் பார்த்தாள்.

அஞ்சலை அக்கா அன்று வரவில்லை. மறுநாள் லட்சுமி எனக்குப் போன் செய்தாள். அங்கன்வாடியில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் தெருவிலிருந்து நாலைந்து பெண்கள் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார்களாம். ரொம்ப நேரம் வாசலில் நின்று கூப்பிட்டார்களாம்.

"அம்மா உள்ளதான் இருந்துச்சு நர்சம்மா" என்றாள் லட்சுமி. "கதவைத் தொறக்கலை."